மூன்றாவது பெயர்

காலை ஆறு மணிக்குச் சூசையபுரத்தில் எல்லாரும் அவரவர் படகில் ஏறி உட்கார வேண்டும். எண்ணிப்பறவை என்ற ட்ரோன் தலைக்கு மேலே வந்து ஆட்களை எண்ணிக்கொண்டு போகும். கடல் இரண்டு தெருக்களை விழுங்கிய பிறகு, ஒரு மாதம் முன்பு வந்த சட்டம் அது. நீர் ஏறினால் தப்பிக்கப் படகில் இடம் உள்ளவர்களுக்கே கரையில் வசிக்க உரிமை. மற்றவர்கள் மதுரைக் குடியிருப்புக்குப் போய்விட வேண்டும்.

ரோஜலினும் அவள் கணவன் தஸ்நேவிசும் ஒரு மாதமாக மணலில்தான் நின்றார்கள். அவர்களுடைய மர வள்ளம் ஐப்பசிப் புயலில் மூழ்கி, நான்கு மாதம் சேற்றில் கிடந்தது. கிரேன் வைத்துத் தூக்கியபோது தொட்ட இடமெல்லாம் விரல் புதைந்தது. பழுதுபார்க்க அரசு நாற்பது நாள் தந்திருந்தது.

வெயில் பட்டால் ஊறிய மரம் வெடித்துவிடும் என்று ரோஜலின் ஓலைப்பந்தல் போட்டு நிழலில் உலர்த்தினாள். தினமும் ஈரமானியை வைத்துப் பார்த்தாள். எண் இறங்க இறங்க, உளுத்த பலகைகளைக் கழற்றி மாற்றினாள். அடிப்பலகை ஒன்றுக்கு மட்டும் எங்கு தேடியும் மரம் கிடைக்கவில்லை.

முப்பத்தாறாம் நாள் பக்கத்து வீட்டு பிலோமினாள், ஒரு காலைத் தாங்கித் தாங்கி, நீளப் பலகை ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தாள். வலை காயப்போடும் இடத்துக்காகச் சண்டை போட்டு, இரண்டு வருடமாக இவர்களுக்குள் பேச்சில்லை.

"என் வள்ளத்துல மிஞ்சினது இதுதான். வீட்டுக் கதவா வச்சிருந்தேன்."

"கதவுக்கு என்ன செய்வியக்கா?"

"வெள்ளிக்கிழமை மதுரை பஸ் வருது. இனி எனக்கெதுக்கு கதவு?"

ரோஜலின் பலகையை வாங்கிக்கொண்டாள். அன்றே பலகையை அறுத்துப் பொருத்தி, இடுக்குகளில் பருத்தித் திரியை அடித்து இறக்கி, நீர் புகாமல் தார் போன்ற கீல் பூசினாள்.

வியாழக்கிழமை மிதப்புச் சோதனை. அதிகாரி மணிமொழி ஆள் எடைக்கு ஒன்றாக மணல் மூட்டைகளை ஏற்றினாள். மூன்று மூட்டை ஏறியும், ஒரு மணி நேரம் கழிந்தும், உள்ளே ஒரு சொட்டு ஊறவில்லை.

"மூணு பேரைத் தாங்கும். நீங்க ரெண்டு பேர்தானே?"

ரோஜலின் கணவனைப் பார்த்தாள். அவனுக்குப் புரிந்துவிட்டது.

"நல்லா யோசிச்சுக்க. எழுதின பேரு அத்தனையும் ஏறினாத்தான் நங்கூரப்பூட்டு திறக்கும். தண்ணி வர்ற அன்னிக்கு பிலோமினாக்காவுக்காக நாமளும் நிக்கணும்."

"விட்டுட்டுப் போறதுன்னா எதுக்கு எழுதுறேன்?"

அவன் தலையசைத்தான். "சரி, எழுது."

"அவங்க உங்களுக்குச் சொந்தக்காரங்களா?" என்று கேட்டாள் மணிமொழி.

"இல்லம்மா, சண்டைக்காரி."

மணிமொழி சிரித்துவிட்டாள். "சட்டம் உறவு கேக்கலை. ஏத்திக்குவீங்களான்னுதான் கேக்குது. கைரேகை வைக்க வரச் சொல்லுங்க."

பிலோமினாள் துணிமூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் மூட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு கட்டைவிரலைச் சேலையில் அழுத்தித் துடைத்தாள்.

"நான் மெதுவாத்தான் நடப்பேன், ரோஜலின்."

"நடங்க. நாங்க நிப்போம்."