குறைத்த ஐந்து மார்க்

மழை... கண்ணைத் திறக்க விடாத மழை. அலுவலக வாசலில் ஒண்டி நின்றவளின் பக்கத்தில் சொட்டச் சொட்ட வந்து நின்றான் ஒருவன். பெட்டியைத் துடைத்தபடி, இந்த ஆபீஸ்தானா என்று விசாரித்தான்.

அந்தக் குரல்! கடல் கடந்த கிளையின் டீம் லீடர். இரண்டு வருடமாகத் தினமும் போனில் மல்லுக்கு நிற்கிற குரல்... இப்படிச் சிரிக்கிற கண்களோடு வருமென்று யார் கண்டார்கள்?

"இங்க வேலை பிரிச்சுக் குடுக்கிற மகராசி ஒருத்தங்க இருக்காங்களே, தெரியுமா? நல்லதையெல்லாம் மத்தவங்களுக்குக் குடுத்துட்டு, மிச்சம் மீதியை எங்க தலையில கட்டுவாங்க."

"தெரியும். உங்க பக்கத்துலதான் நிக்கிறாங்க."

அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள் கொஞ்சமும் பாவம் பார்க்காமல் சிரித்தாள்.

அவன் அந்த வாரம் வந்திருந்தது புதிதாக ஒரு மருத்துவமனை மென்பொருள் எழுதும் வேலைக்காக. எந்தக் கிளைக்கு அதைத் தருவது என்று அவள்தான் மார்க் போட வேண்டும். அனுபவத்துக்கு இத்தனை, வேலை நேரம் ஒத்துப்போவதற்கு இத்தனை... இது கிடைக்காவிட்டால் தன் கிளையை மூடிவிடுவார்கள், ஆறு பேருக்கு வேலை போய்விடும் என்று முதல் நாளே சொன்னான். பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பேசியதெல்லாம் வேறு... மதியச் சாப்பாடு மூன்று மணி வரை நீண்டது.

வியாழக்கிழமை பக்கத்து சீட்டு அக்கா கண்ணடித்தாள். இனி நல்ல வேலையெல்லாம் எந்தக் கிளைக்குப் போகுமென்று ஆபீஸுக்கே தெரியுமாம். அவளுக்குச் சுருக்கென்றது. என் நேர்மையையா சந்தேகப்படுகிறார்கள்? அவன் கிளைதான் மூன்று மார்க் முன்னால் இருந்தது. அனுபவத்தில் ஐந்தைக் குறைத்து அனுப்பிவிட்டாள். வேலை வேறு கிளைக்குப் போனது.

வெள்ளிக்கிழமை மதியம் அவன் பெட்டியோடு வந்து நின்றான். கோபமில்லை. எதில் குறைந்தோம் என்று மட்டும் கேட்டான். ஆட்களுக்குச் சொல்ல வேண்டுமே...

"நீங்க குறையல... நான்தான் குறைச்சேன். உங்களை எனக்குப் பிடிச்சுப் போச்சு. அதனாலதான் குடுத்தேன்னு யாரும் சொல்லிடக் கூடாதுன்னு..."

"மாத்த முடியுமா?"

"கையெழுத்தாயிடுச்சு."

அவன் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு. அதைச் சொல்லத்தான் வந்தேன். ஆனா திங்கக்கிழமை அந்த ஆறு பேரும் என் எதிர்ல உட்காருவாங்க... என்மேல ஆசைப்பட்டவங்கதான் உங்க வேலையைப் பறிச்சாங்கன்னு அவங்ககிட்ட எப்படிங்க சொல்லுவேன்?"