என்ஜின் அடங்கிய நேரம்

பலூன் அழகாக ஏறிக்கொண்டிருந்தது.

ரெமிஜியஸ் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, முக்காலியின் மேலிருந்த தொலைநோக்கியை மெல்லத் திருப்பினான். வட்டத்துக்குள் நீல வானம். நடுவில் வெள்ளைப் புள்ளி. அதைக் கோட்டில் நிறுத்தி எண்களைக் குறிக்கப் போன நேரத்தில் வட்டத்துக்குள் ஒரு மஞ்சள் இறக்கை நுழைந்தது. அது போன பிறகு பார்த்தால்... பலூன் இல்லை.

1937ஆம் வருஷம், ஏப்ரல் மாதம். தொம்மலூர் ஏரிக்கு அப்பாலிருந்த மைதானத்தில் தினமும் காலையில் ஒரு பலூனை விட்டு, அது சாய்ந்து போகும் போக்கிலிருந்து மேல்காற்றின் திசையையும் வேகத்தையும் கணக்கிடுவது அவன் உத்தியோகம். காக்கை குறுக்கே வந்திருக்கிறது, பருந்து வந்திருக்கிறது. ஆகாய விமானம் வந்து பலூனை உடைத்துவிட்டுப் போனது இதுதான் முதல் தடவை. அதுவும் தற்செயலாக இல்லை. ஒரு சுற்றுச் சுற்றி, குறி பார்த்து வந்து உடைத்திருக்கிறது.

சைக்கிளை எடுத்தான். பக்கத்து மைதானத்திலிருந்த பறக்கும் கிளப்பின் தகரக் கொட்டகைக்கு அவன் போய்ச் சேர்ந்தபோது, மஞ்சள் விமானம் இறங்கி வாசலில் நின்றிருந்தது. அதன் பின் இருக்கையிலிருந்து ஒருவர் கால் வைத்து இறங்கினார். தோல் தொப்பியைக் கழற்றினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

பெண்.

முகமெல்லாம் செம்மண் தூசி. கண்ணாடி இருந்த இடம் மட்டும் இரண்டு வட்டங்களாகச் சுத்தமாயிருந்தது. அந்த வட்டங்களுக்குள் இரண்டு கண்கள்... வெற்றியில் பளபளத்துக்கொண்டிருந்தன.

"பலூனை உடைச்சது நீங்கதானா?" என்றான்.

"ஆமா. பாத்தீங்களா? ஒரே தடவை. நேரா ப்ரொப்பல்லர்ல." பாராட்ட வந்தவன் என்றே அவள் நினைத்துவிட்டாள்.

"அது என் பலூன்."

அவள் பெயர் டோரீன். அல்சூரில் கட்டட கான்ட்ராக்டர் டொமினிக்கின் ஒரே மகள். மே மாதம் கிளப்பில் பறக்கும் விழா. அதில் பலூன் உடைக்கும் போட்டி உண்டு. மெக்கானிக் ஹெர்பர்ட் அன்று காலையில் அவள் பழகுவதற்காக ஒரு பலூன் விடுவதாகச் சொல்லியிருந்தார். அவர் தேநீர் குடிக்கப் போயிருந்த நேரத்தில் ரெமிஜியஸின் மைதானத்துப் பக்கமிருந்து ஒரு பலூன் கிளம்ப, அவள் பாய்ந்துவிட்டாள். கதை இவ்வளவுதான்.

"கவர்மென்ட் பலூனா..." உதட்டைக் கடித்தாள். ஆனால் உடனே நிமிர்ந்தாள். "உங்களுக்குக் காத்துதானே தெரியணும்? எழுதிக்குங்க. ரெண்டாயிரம் அடியில மேற்குக் காத்து. என்னை ஏரிப் பக்கமா தள்ளிச்சு."

"நீங்க சொல்றதை எழுத ரூல் இல்ல மிஸ்."

"நான் மேல இருந்து வரேன் சார். நீங்க எத்தனை தடவை போயிருக்கீங்க?"

ரெமிஜியஸ் பொய் சொல்லத் தெரியாதவன். "ஒரு தடவையும் இல்ல" என்றான்.

ஆறு வருஷமாக வானத்தை அளக்கிறவன், தரையை விட்டு எழும்பியதே இல்லை. அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தான். சிரிக்கவில்லை. அது அவனுக்குப் பிடித்திருந்தது. அதுவும் கோபமாக வந்த இடத்தில்...

அவன் திரும்பிப் போய் இன்னொரு பலூன் விட்டான். இரண்டாயிரம் அடியில் மேற்குக் காற்று. சாயங்காலம் மறுபடி சைக்கிளை மிதித்து, அதைச் சொல்லிவிட்டு வரத்தான் போனான். வேறு எதற்கும் இல்லை. அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சொல்லி முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

ஏப்ரல் மழை. முதலில் மண் வாசனை, பிறகு சடசடவென்று தகரத்தின் மேல் பெரிய பெரிய துளிகள். பேசினால் கேட்கவில்லை. டோரீன் கொட்டகைக்குள் இறக்கைகளைப் பின்னால் மடித்து நின்ற விமானத்தை, துணியும் வாளியுமாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். கையில் எண்ணெய். கன்னத்திலும் ஒரு கோடு. அவன் சும்மா நிற்பதைப் பார்த்து இன்னொரு துணியை வீசினாள்.

மழை கொஞ்சம் தணிந்தபோது, இவ்வளவு வேலையா என்று கேட்டான்.

"மேல போறது அரை மணி. இங்க அரை நாள்" என்றாள். "ரெண்டும் சேந்ததுதான் பறக்கிறது. எங்க டாடிக்கே இது புரியல. உங்களுக்குப் புரியுமான்னு தெரியாது."

இறக்கைத் துணியில் விரலை ஓட்டிக் காட்டினாள். முரசு மாதிரி விறைத்திருந்தது. ஒரு மூலையில் சின்னக் கிழிசல். அதன்மேல் துண்டுத் துணி வைத்து, மூக்கைத் துளைக்கும் வார்னிஷ் தடவினாள். காபித் தோட்டத்துத் துரை ஒருவர் ஊர் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன பழைய 'மாத்' ரக இரட்டை இறக்கை விமானம் அது. நாலு வருஷத்தில் அதன் ஒவ்வொரு ஒட்டும் அவளுக்குத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை வைத்திருந்தாள். முள்வேலி, மாட்டுக் கொம்பு, ஹெர்பர்ட்டின் ஏணி...

அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். மழை எப்போது நின்றதென்று இருவருக்கும் தெரியாது.

பிறகு அது வழக்கமாயிற்று. காலையில் காற்றுக் கணக்கு முடிந்ததும் அவன் வேலியோரம் வந்து சொல்லிவிட்டுப் போவான். மேகத்தின் அடிவயிறு எத்தனை அடியில் இருந்தது என்று அவள் இறங்கி வந்து சொல்வாள். இப்போது அவள் பலூனைத் தொடுவதில்லை. அதன் அருகே வந்தால் இறக்கைகளை ஒரு தடவை இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டு விலகிப் போவாள். தொலைநோக்கி வட்டத்துக்குள் அந்த மஞ்சள் ஆட்டம் தெரியும்போது அவனுக்கு எண் தவறும். சனிக்கிழமைகளில் அவனும் துணியும் வாளியுமாக நின்றான். "சார்" என்பது "ரெமி" ஆயிற்று. ஹெர்பர்ட் இதையெல்லாம் பார்த்தார். வாசலில் கிடந்த மூன்று நாற்காலிகளில் தன்னுடையதை மட்டும் எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

ஜூனில் அவன் அம்மா அல்போன்சா, அல்சூருக்குப் பெண் கேட்டு வந்தார்.

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. ஒரே சபை. இரு வீட்டாரும் பிளாக்பள்ளி மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். டொமினிக் கேக் வெட்டி வைத்தார். அல்போன்சா டோரீனின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். பிறகுதான், குரலை உயர்த்தாமல், ஒன்று சொன்னார். கோயிலில் முதல் கல்யாண ஓலை வாசிக்கிறதற்கு முன்னால் பறக்கிறது நின்றுவிட வேண்டும். தன் புருஷன் ரயில் டிரைவர். ஒரு நாள் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை. இனி இன்னொருவருக்காக வாசலைப் பார்த்து உட்காரத் தன்னால் முடியாது.

அந்தப் பேச்சில் கோபம் கொள்ள ஒன்றுமில்லை. டோரீனுக்கு அது புரிந்தது. அவள் ரெமிஜியஸைப் பார்த்தாள்.

அவன் கையிலிருந்த கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சொல்லு ரெமி... நீதான் பார்த்தாயே, அந்தக் கொட்டகையில் நான் யார் என்று. ஒரு வார்த்தை போதும்...

அவன் நிமிரவில்லை.

"அப்படின்னா ஓலை வேண்டாம் ஆன்ட்டி" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். எழுந்து, இன்னும் கொஞ்சம் கேக் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அதன் பிறகு வேலியோரம் யாரும் நிற்கவில்லை. அவன் இரண்டு தடவை வந்தான். மிஸ் வேலையாக இருக்கிறார் என்று ஹெர்பர்ட்டிடமிருந்து பதில் வந்தது. பதில் சொல்லும்போது ஹெர்பர்ட்டின் முகம் வாடியிருந்தது. பலூன் போகும், விமானம் போகும். இறக்கை ஆடாது.

ரெமிஜியஸ் தன்னை ஏமாற்றிக்கொள்கிறவன் இல்லை. அம்மாவுக்குப் பயந்து வாயை மூடவில்லை என்று அவனுக்குத் தெரியும். அம்மா சொன்னபோது அவனுக்குள்ளும் ஒரு மூலை, ஆமாம், நின்றால் நல்லது என்று சொல்லியது. தொலைநோக்கி வட்டத்துக்குள் அந்த மஞ்சளைத் தேடும் ஒவ்வொரு காலையிலும், அது பத்திரமாக இறங்கும்வரை அவன் கண்ணை எடுக்க மாட்டான். பயம் அவனுடையது. அதற்கான விலையை அவளைக் கொடுக்கச் சொன்னால் எப்படி?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும் வழியில் அம்மாவிடம் சொன்னான். பறக்கிறதை விடச் சொல்லித் தான் கேட்கப்போவதில்லை, அவரும் கேட்கக் கூடாது. நீ ஒரு தடவை அதில் போய்விட்டு வந்து இதைச் சொல்லு, அப்போது கேட்கிறேன் என்றார் அல்போன்சா.

மறுநாள் காலை ஒரு ஜட்கா வண்டி கிளப் வாசலில் நின்றது. அதிலிருந்து அம்மாவும் மகனும் இறங்கினார்கள்.

டோரீன் என்ஜின் மூடியைத் திறந்து வைத்து வேலையிலிருந்தாள். அவர்களைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டாள். அல்போன்சாவுக்கு வணக்கம் சொல்லி, ஒரு பெட்ரோல் பெட்டியைத் துடைத்துப் போட்டு உட்கார வைத்தாள். மகன் பக்கம் திரும்பவே இல்லை.

"என்னை மேல கூட்டிட்டுப் போறீங்களா?" என்றான்.

"எடை எவ்வளவு சார்? பெட்ரோல் கணக்குப் பாக்கணும்."

எடையைச் சொன்னான். அவள் தலையசைத்தாள். முன் இருக்கையில் உட்கார வைத்து, வாரைத் தோளோடு இறுக்கினாள். கொஞ்சம் அதிகமாகவே இறுக்கினாள். பேசுவதற்கு ஒரு ரப்பர்க் குழாய் இருந்தது. வாயருகே அதன் முனையைப் பிடித்துப் பேசினால் மற்றவர் காதில் கேட்கும். அதையும் காட்டினாள். ஹெர்பர்ட் ப்ரொப்பல்லரைச் சுழற்றிவிட்டார்.

புல் ஓடியது. வேலி ஓடியது. பிறகு எதுவும் ஓடவில்லை. பூமி மெதுவாகக் கீழே போயிற்று.

ரெமிஜியஸ் முதலில் கண்ணை மூடிக்கொண்டான். திறந்தபோது அல்சூர் ஏரி ஒரு தட்டு அளவுக்குக் கிடந்தது. கோபுரம், கோயில் கூரைகள், கன்டோன்மென்ட்டின் நேர்நேரான தெருக்கள், தூரத்தில் சிவப்பு மண்... அவன் எண்களாக மட்டும் அறிந்திருந்த காற்று முகத்தில் மோதியது. குளிர்ந்து, கனத்து, உயிரோடு. பயம் போகவில்லை. ஆனால் பயத்துக்குப் பக்கத்தில் வேறொன்றும் வந்து உட்கார்ந்துகொண்டது. இதைத்தானா விடச் சொன்னோம் என்று அவனுக்கு வெட்கமாயிருந்தது.

குழாயை வாயருகே கொண்டுபோய்ப் பேசினான். என்ஜின் இரைச்சலில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

காதில் அவள் குரல் வந்தது. "ஒண்ணும் கேக்கல. இருங்க, சத்தத்தைக் குறைக்கிறேன். இறங்கிட்டே இருப்போம். ஜல்தியா சொல்லணும்."

என்ஜின் அடங்கியது. இறக்கைக் கம்பிகளுக்குள் காற்று புகும் மெல்லிய ஓசை மட்டும். விமானம் மூக்கைத் தாழ்த்தி வழுக்கிக்கொண்டு இறங்கியது. உயரம் காட்டும் முள் அசைந்தது. ஏறிச் சேர்த்த உயரம் அடி அடியாகச் செலவாகிக்கொண்டிருந்தது.

"அன்னைக்கு நான் பேசாம இருந்தது தப்பு" என்றான். "அம்மாவால இல்ல. எனக்கே பயம். உங்களுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு. அந்தப் பயம் இன்னும் இருக்கு, இனிமேலும் இருக்கும். அதை நானே வச்சுக்கறேன். நீங்க பறக்கணும். சனிக்கிழமை நான் வாளி தூக்கணும். டோரீன்... எனக்கு நீங்க வேணும். இப்ப இருக்கிற மாதிரியே வேணும்."

கீழே தென்னைகள் தனித்தனியாகத் தெரியத் தொடங்கின. திடீரென்று என்ஜின் முழு மூச்சில் உறுமியது. மூக்கு மேலே எழுந்தது. விமானம் மறுபடி ஏறியது. வெகுநேரம் ஏறியது. பிறகு மறுபடி சத்தம் அடங்கியது.

"சரியா கேக்கல ரெமி" என்றது காதிலிருந்த குரல். "இன்னொரு தடவை."

அவன் இன்னொரு தடவை சொன்னான். முதலிலிருந்து, ஒரு வார்த்தை விடாமல்.

இறங்கி வந்தபோது அல்போன்சா எழுந்து நின்றிருந்தார். ஜெபமாலையை இறுக்கிப் பிடித்திருந்த உள்ளங்கையில் மணிகளின் தடம் வரிசையாகப் பதிந்திருந்தது.

"சத்தம் நின்னுச்சே" என்றார். "ரெண்டு தடவை."

"நிக்கல ஆன்ட்டி, நான்தான் குறைச்சேன். இவர் பேசினது கேக்கல."

அல்போன்சா மகனை ஏற இறங்கப் பார்த்தார். கை, கால், முகம், எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. "வீட்டுலயும் அப்படித்தான். வாயைத் திறக்கவே மாட்டான். திறந்தா பாதி உள்ளயே நின்னுடும்." ஹெர்பர்ட் எதையோ தேடுகிறவர்போலக் கருவிப் பெட்டிக்குள் குனிந்துகொண்டார்.

பிறகு அல்போன்சா டோரீனிடம் வந்தார். "எனக்கு இந்தப் பயம் போகாதும்மா. போகும்னு பொய் சொல்ல மாட்டேன். ஒண்ணு செய். ஒவ்வொரு தடவையும் எறங்கினதும் வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சொல்லணும். சேதி வந்த பிறகுதான் நான் சாப்பிடுவேன். சம்மதமா?"

டோரீன் தலையை ஆட்டினாள். எண்ணெய்க் கை என்று பார்க்காமல் அதைப் பிடித்துக்கொண்ட அல்போன்சா, அப்படியானால் பங்குச் சாமியாரைப் பார்த்து ஓலைக்குச் சொல்லிவிடலாம் என்றார். அம்மாவை வெயிலில் நிற்க வைக்க வேண்டாம் என்று ஹெர்பர்ட் ஜட்கா வரை கூட்டிக்கொண்டு போனார்.

இருவருமாக விமானத்தைக் கொட்டகைக்குள் தள்ளினார்கள். அவள் ஒரு இறக்கையோரம், அவன் ஒரு இறக்கையோரம். உள்ளே நிழல். சூடான எண்ணெயின் வாசனை.

"ரெமி" என்றாள், இறக்கைக்கு அந்தப் பக்கத்திலிருந்து. "ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"முதல் தடவையே கேட்டுடுச்சு. எல்லாம்."

அவன் இறக்கையைப் பின்னால் மடித்தான். நடுவில் இருந்தது விலகியது. தூசியும் இரண்டு சுத்தமான வட்டங்களுமாக அவள் முகம் எதிரே நின்றது.

"தெரியும்" என்றான் ரெமிஜியஸ். "அதான் ரெண்டாவது தடவை... மெதுவா சொன்னேன்."