கேமரா திரும்பிப் பார்த்தவர்

லா பாஸ் நகரத்தில் படிக்கட்டு இல்லாத தெரு கிடையாது. ஆனால் வக்கீல் தெல்மா பெனியரண்டாவின் அலுவலகம் இருந்த பழைய வீட்டுப் படிக்கட்டைப் போல ஒன்றை நான் வேலை பார்த்த காலம் முழுவதும் கண்டதில்லை. செங்குத்து என்றால் அப்படி ஒரு செங்குத்து. ஏறுகிறவனின் மூக்கு அடுத்த படியில் உரசும். கட்டில் அகலத்துக்கு இருந்த டிவியை நானும் ரோமுலோவும் அதன் வழியே தூக்கிக்கொண்டு போனபோது, கீழே நின்ற தெருநாய் எங்களைப் பார்த்து அழுதது. சத்தியமாக அழுதது.

“செவெரோ அண்ணே, பாதி வழியில நான் செத்துட்டா இந்த டிவி பெட்டியிலயே அடக்கம் பண்ணிரு,” என்றான் ரோமுலோ.

“உன் தொப்பைக்கு இது பத்தாதுடா. ரெண்டு டிவி வாங்கணும்.”

செவெரோ நான்தான். கூட்டம் நடக்கும் அறைகளுக்குத் திரை, கேமரா, மைக் பொருத்திக் கொடுப்பது எங்கள் தொழிலாக இருந்தது. இப்போது ஓய்வு. வீட்டில் பூனை மேய்க்கிறேன்.

வக்கீலம்மா எங்களை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். “வியாழக்கெழமை சாந்தா க்ரூஸ் ஊரு ஜட்ஜ் முன்னாடி வீடியோவுல நிக்கணும். படம் நடுங்கக் கூடாது, குரல் கரகரக்கக் கூடாது. போன தடவை ஜட்ஜ் என்னைக் கிணத்துக்குள்ள இருந்து பேசறியான்னு கேட்டாரு.”

டிவி மாட்டத் தோதான சுவர் ஒன்றுதான் இருந்தது. அதில் ஒரு மாடம். மாடத்துக்குள் கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள் கம்பளிக் குல்லாயும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு இலாரியோன் ஐயாவின் மண்டையோடு.

எங்கள் ஊரில் இதற்கெல்லாம் யாரும் திடுக்கிட மாட்டார்கள். சப்பைமூக்கர் என்று செல்லமாகச் சொல்வோம். எந்தக் காலத்திலோ செத்துப்போன, பெயர் தெரியாத யாரோ ஒருவர் கல்லறைத் தோட்டத்திலிருந்து வீட்டுக்கு வந்து சேருவார். நாம் ஒரு பெயர் வைப்போம். திங்கட்கிழமைதோறும் பூவும் கோக்கா இலையும் வைத்து, பல்லிடுக்கில் ஒரு சிகரெட்டைப் பற்ற வைப்போம். அவர் வீட்டைக் காப்பார். வக்கீலம்மாவுக்கு வழக்குகளையே ஜெயித்துக் கொடுத்தாராம்.

“ஐயாவ ஜன்னல் பக்கம் அலமாரி மேல வைங்க. ஆனா கேட்டுட்டு எடுங்க,” என்று சொல்லிவிட்டு வக்கீலம்மா நீதிமன்றத்துக்குக் கிளம்பிப் போனார்.

நான் தொப்பியைக் கழற்றி மரியாதையாகத்தான் கேட்டேன். ரோமுலோ பெட்டியைத் தூக்கிக்கொண்டே, “கொஞ்சம் நகருங்க ஐயா. டிவி வருது. நல்லா சீரியல் பாக்கலாம்,” என்றான். அலமாரிக்குப் போகிற வழியில் பெட்டி திடீரென்று கனத்தது என்றான். வயசாகிவிட்டது உனக்கு என்றேன்.

சாமானெல்லாம் புதுசு. கூரையில் பதித்த மைக்குகள் குரல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கும். கேமரா அந்தப் பக்கம் தானாகத் திரும்பும். முகம் கண்டால் அதைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கட்டம் போட்டுப் பெரிதாக்கும். என் முகத்தை அது சுவர் அளவுக்குக் காட்டியபோது என் மூக்குத் துவாரத்தில் ஒரு மினிபஸ்ஸை நிறுத்தலாம் போலிருந்தது.

பொருத்தி முடித்ததும் சோதனை. ஒருவன் அறைக்குள் மூலைக்கு மூலை நடந்து பேசுவான். இன்னொருவன் மறுமுனையில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்பான். எங்களுக்கு மறுமுனை என்பது தெருவில் நிற்கும் வேன்.

இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. எண்களைத்தான் சொல்ல வேண்டும். யார் பெயரும் அடிபடக் கூடாது. மனிதன் பயந்துபோனால் அவனுக்குள் இருக்கும் உயிர், அஹாயு என்போம், வெளியே போய்விடும். அதைத் திரும்ப அழைக்க, அவன் உடுப்பை ஆட்டி, மணியடித்து, ‘வா, வீட்டுக்குப் போகலாம்’ என்று முழுப் பெயர் சொல்லி மூன்று முறை கூப்பிடுவோம். வர்றேன் என்று பதில் வந்தால் உயிர் வந்துவிட்டது. உள்ளே இழுக்கிற அதே வார்த்தைகள் வெளியேயும் இழுக்கும். ஆகவே ஆளில்லாத அறைகளில் நாங்கள் ஒன்று, இரண்டு, மூன்று மட்டும்தான்.

நான் எண்ணி முடித்து, அறையைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு முனைக்கடைக்கு, உள்ளே இறைச்சியும் சாறும் வைத்துச் சுட்ட சால்தேன்யா வாங்கப் போனேன். மைக்கை அணைக்கவில்லை. காலை வெயில் கண்ணைக் குத்தியது. கடையில் கூட்டம். சுடச்சுட வாங்கிக்கொண்டு வேனுக்குத் திரும்பினால், ரோமுலோ ஹெட்போனோடு தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தான்.

“ஆமாய்யா, ரோமுலோ கிஸ்பெர்ட் யானோஸ். எங்கம்மா யானோஸ் குடும்பம்தான்... சரி, வர்றேன்... அட, வர்றேன்யா... வர்றேன்னு சொல்றேன்ல?”

வேன் கண்ணாடியைத் தட்டினேன்.

அவன் என்னைப் பார்த்தான். காதிலிருந்த ஹெட்போனைத் தொட்டுப் பார்த்தான். மறுபடி என்னைப் பார்த்தான்.

“நீ மேல இல்ல?”

“சால்தேன்யா வாங்கப் போனேன். யார்கிட்டடா பேசற?”

“உன்கிட்டதான். குளுருது, குளுருதுன்னு இவ்ளோ நேரம் சொன்னியே.”

நான் பையிலிருந்த சாவியை எடுத்துக் காட்டினேன்.

“என்ன கேட்டுச்சு?” என்றேன். ‘யார்’ என்று கேட்க நாக்கு வரவில்லை.

“முழுப் பேரு கேட்டாரு. மேல வா, எனக்குப் பதிலா கொஞ்ச நேரம் ஒக்காருன்னாரு. நீதான் வெளையாடறேன்னு...”

“எத்தன தடவடா வர்றேன்னு சொன்ன?”

அவன் மூன்று விரலைக் காட்டினான்.

பிறகு பொட்டலத்திலிருந்து ஒரு சால்தேன்யாவை எடுத்துக் கடித்தான். கொதிக்கிற சாறு உதட்டில் வழிந்தது, தாடையில் வழிந்தது, சட்டைக்குள் இறங்கியது. அவன் துடைக்கவில்லை. எங்கள் ஊரில் பிறந்தவன் தூக்கில் தொங்கும்போதும் சால்தேன்யா சாற்றைச் சிந்த மாட்டான். உதடு சிவந்து வெந்துபோயிருந்தது. அவன் மென்றுகொண்டே இருந்தான்.

கையைப் பிடித்து மேலே கூட்டிப் போனேன். அந்தப் படிக்கட்டில் அவனுக்கு மூச்சே வாங்கவில்லை.

பூட்டைத் திறந்ததும் ஈர மண் வாடை. அணைந்த சிகரெட் வாடை. வெயில் தரை முழுக்கக் கிடந்தும் அறை பனிக்கட்டி.

திரையில் இலாரியோன் ஐயா இருந்தார். சுவர் நிறைய.

கறுப்புக் கண்ணாடியைச் சுற்றி வெள்ளைக் கட்டம்.

ரோமுலோவை நாற்காலியில் உட்கார வைத்தேன். “எதாவது பேசு” என்று கிசுகிசுத்தேன். கேமரா என் பக்கம் திரும்பியது. என் முகத்தில் கட்டம் விழுந்தது.

“ஒண்ணு,” என்றான் அவன்.

கேமரா திரும்பியது. அவனைத் தாண்டிப் போனது. அலமாரியில் போய் நின்றது.

“ரெண்டு.”

அது அலமாரியை விட்டு அசையவில்லை.

வாய் இவனுடையது. குரல் அங்கிருந்து வருகிறது என்று மைக் சொன்னது.

அவன் முகத்துக்கு நேராகக் கேமராவைக் கையாலேயே திருப்பிப் பிடித்தேன். நாற்காலி தெரிந்தது, சட்டை தெரிந்தது, உதட்டுக் கொப்புளம்கூடத் தெரிந்தது. கட்டம் மட்டும் விழவில்லை. அங்கே ஒரு முகம் இருப்பதாக அதற்குத் தோன்றவில்லை.

பயப்பட வேண்டிய இடத்தில் எனக்குள் ஒன்றும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி எல்லாம் மரத்துக் கிடந்தது. அவன் மனைவி நியேவெஸுக்குப் போன் செய்தேன்.

அவள் சந்தையில் உருளைக்கிழங்குக் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்தாள். கையில் அவனுடைய கம்பளிச் சட்டை, ஒரு சின்ன மணி, உயிருக்கு ஆசை காட்ட மிட்டாய்ப் பொட்டலம். புருஷன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். மரக்கட்டையைத் தொட்டதுபோல் கையை எடுத்துக்கொண்டாள்.

“எங்கண்ணே தொலைச்சீங்க?” என்றாள், நான் ஏதோ பெட்டியைத் தொலைத்துவிட்டது மாதிரி.

நடந்ததைச் சொன்னேன். தொலைந்த இடத்தில் நின்று கூப்பிட வேண்டும் என்பது வழக்கம். அவன் தொலைந்தது வேனிலா, அறையிலா? இதில் நாங்கள் இரண்டு பேரும் சண்டையே போட்டோம்.

“சும்மா இருங்கண்ணே. போன வழியிலதான் திரும்பி வரணும்,” என்றாள் கடைசியில். “மைக்குல போச்சு. மைக்குல வரட்டும். அவரை வேனுல ஒக்கார வைங்க. நான் இங்கருந்து கூப்பிடறேன். அந்தி சாஞ்சா அப்புறம் வராது.”

வேனில் அவன் காதில் ஹெட்போனை மாட்டி, எனக்கும் கேட்கிற மாதிரி லேப்டாப்பில் சத்தத்தைத் திறந்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மணிச் சத்தம் வந்தது. அப்புறம் அவள் குரல்.

“ரோமுலோ கிஸ்பெர்ட் யானோஸ். வா. வீட்டுக்குப் போலாம்.”

அவன் கண் மூடியிருந்தது.

“ரோமுலோ கிஸ்பெர்ட் யானோஸ். என்னை விட்டுட்டு எங்க போவ? வா.”

“வர்றேன்.”

ரோமுலோவின் உதடு அசையவில்லை. அது லேப்டாப்பிலிருந்து வந்தது. அவன் குரல்தான் என்று அப்போது நம்பினேன்.

மூன்றாவது முறை கூப்பிட்டாள். அவன் உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டது. கண்ணைத் திறந்தான். வெளுத்த கன்னம் மறுபடி சிவந்தது. உதட்டுக் கொப்புளத்தைத் தொட்டு, “ஸ்ஸ்” என்றான்.

எரிகிறது அவனுக்கு! நான் கட்டிப்பிடித்து முத்தமே கொடுத்துவிட்டேன். இழுத்துக்கொண்டு மேலே ஓடினேன். பாதிப் படியில் அவனுக்கு மூச்சு வாங்கியது. எனக்கு அதுவும் சந்தோஷம். அறைக்குள் நுழைந்ததும் கேமரா அவனைப் பார்த்துத் திரும்பி, முகத்தில் அழகாகக் கட்டம் போட்டது.

“பாத்தியா நியேவெஸ், வந்துட்டான்!”

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளைக் கூப்பிடுவது ‘ஏய் குண்டு’ என்றுதான். சண்டை என்றாலும் குண்டு, கொஞ்சல் என்றாலும் குண்டு. அந்த ஒரு வார்த்தைக்காக அவள் காத்துக்கொண்டு நின்றாள்.

அவன் தலை குனிந்து வணங்கினான்.

“வந்துட்டேங்க. ரொம்ப நன்றிங்கம்மா,” என்றான். “ஒரு சிகரெட் கெடைக்குமா?”

ரோமுலோ ஜென்மத்தில் சிகரெட்டைத் தொட்டதில்லை.

அறையில் யாருமே பேசவில்லை.

கேமரா மட்டும் மெல்லத் திரும்பியது. அலமாரிப் பக்கம்.

அவள் திரையைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு போய்க் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, மண்டையோட்டை எடுத்து, முதுகுத் துணியில் பிள்ளையைக் கட்டுவதுபோல் கட்டிக்கொண்டாள்.

நீதிமன்றத்திலிருந்து திரும்பிய வக்கீலம்மா வாசலில் நின்றிருந்தார். “ஏம்மா, அவரு என் காவல்...”

“உங்க ஆளு அதோ ஒக்காந்திருக்காரு வக்கீலம்மா. வேணும்னா வச்சுக்குங்க. இவரு என் ஆளு.”

வக்கீலம்மா நாற்காலியில் அமர்ந்து புகை விட்டுக்கொண்டிருந்தவனைப் பார்த்தார். அந்தச் சிகரெட்டை யார் கொடுத்தது, யார் பற்ற வைத்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் வழியை விட்டு விலகி நின்றார்.

கடைசியில் உடம்பையும் நியேவெஸ் வீட்டுக்குத்தான் அழைத்துப் போனாள். ஊர் என்ன சொல்லும்? தெருவைப் பார்க்கிற அறையை அதற்குக் கொடுத்தாள். நல்ல மனிதர், குறை சொல்ல முடியாது. அவருண்டு, சிகரெட் உண்டு. யாராவது கூப்பிட்டால் ரோமுலோ என்ற பெயருக்கு ஒரு கணம் தாமதித்துத் திரும்புவார்.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். போனேன். மேசையின் ஓரத்து மூலையில் அவர். நியேவெஸின் பக்கத்து நாற்காலியில் இரண்டு தலையணைகள், அவற்றின் மேல் மண்டையோடு. அதன் முன்னால் ஒரு தட்டு. இறைச்சியைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி அதில் வைத்தாள். நான் குனிந்து என் சூப்பைக் குடித்தேன். சூடா, ஆறிவிட்டதா என்று நாக்குக்குத் தெரியவில்லை.

அப்போது போன் அடித்தது. புவெனோஸ் அய்ரஸில் தையல் வேலை பார்க்கிற மகள் யோவானா, வீடியோவில். இங்கே நடந்த எதையும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. நியேவெஸ் மறைக்க நினைத்துப் போனைக் கவிழ்ப்பதற்குள் அழைப்பு தானாக இணைந்துவிட்டது. மேசை முழுக்க அதில் தெரிந்திருக்க வேண்டும்.

“அம்மா! செவெரோ மாமாவும் இருக்காரா? மாமா, சௌக்கியமா?” என்றவளின் பார்வை தலையணைகள் மேல் போய் நின்றது. நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

“அப்பா, என்னப்பா இப்படி எளச்சுட்டீங்க?” என்றாள் அதைப் பார்த்து. அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அம்மா... அந்த மூலையில ஒக்காந்து சிகரெட் புடிக்கிறாரே, அந்தப் பெரியவர் யாரும்மா?”