மலையிலிருந்து வந்த தண்ணீர் பாட்டில்

"என் வீட்டுக்காரரு குதிக்கலீங்க," என்றாள் ஆண்டாள். "நான் சண்டை போட்டுத்தான் குதிச்சாருன்னு மாமியார் தெருவுல நின்னு திட்டி, காரியத்துக்குக்கூட என்னை உள்ள விடல."

துப்பறிவாளர் வினோதினி நடந்ததைக் கேட்டுக்கொண்டார். ஆண்டாளின் கணவன் அர்ச்சுனனும் அவன் அண்ணன் சிவப்பிரகாசமும் மலைமேல் உள்ள தேசியப் பூங்காவைச் சுற்றிப் பார்க்கப் போயிருந்தார்கள். உச்சிப் பாறையிலிருந்து விழுந்து அர்ச்சுனன் இறந்தான். தான் காய்ச்சலோடு அடிவாரத்து லாட்ஜிலேயே படுத்திருந்ததாக அண்ணன் சொல்லிவிட்டான்.

அன்று மாலையே ஆண்டாளும் வினோதினியும் அவருடைய உதவியாளர் ஜெயசீலனும் மரக்காணத்து உப்பளத்தை ஒட்டிய சிவப்பிரகாசத்தின் வீட்டுக்குப் போனார்கள். அவன் உட்காரச் சொல்லவில்லை. மாமியார் கொளஞ்சியம்மாள் ஆண்டாளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"உங்க கால்ல அட்டை கடிச்ச தழும்பு இருக்குது. நீங்களும் மேல போயிருக்கீங்க," என்று முந்திக்கொண்டார் ஜெயசீலன். ஐம்பது வயதிலும் அவசரம் குறையாதவர்.

"அடிவாரத்துலயும் அட்டை இருக்குது. வெளிய போய்யா," என்றான் சிவப்பிரகாசம்.

வினோதினி ஆணியில் தொங்கிய பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பக்கவாட்டில் பாதித் தண்ணீரோடு ஒரு பாட்டில், பக்கங்கள் ஒடுங்கிப்போய் இருந்தது.

"இது உங்களோடதா?"

"ஆமா. லாட்ஜ்ல வாங்கி, பாதி குடிச்சிட்டு அங்கயே மூடினது. வந்து மாட்டின பை. அப்புறம் யாரும் தொடல."

வினோதினி மூடியைத் திருகினார். புஸ்ஸென்று காற்று உள்ளே போக, பாட்டில் நிமிர்ந்தது.

"மலை உச்சியில காத்து லேசு. அங்க மூடின பாட்டிலைக் கடற்கரைக்குக் கொண்டாந்தா, இங்க இருக்கற காத்து அதை நசுக்கிடும். அடிவாரத்துல மூடியிருந்தா இவ்வளவு ஒடுங்காது. நீங்க கடைசியா இதுல தண்ணி குடிச்சது உச்சியில."

"ஒரு பாட்டிலை வெச்சி என்னைப் பிடிச்சிடுவியா?"

"மாட்டேன். பூங்கா வாசல்ல கேமரா இருக்குது. லாட்ஜ்ல இருந்தேன்னு நீங்க சொன்னதை நம்பி, இதுவரைக்கும் யாரும் அதைப் பாக்கல. இனிமே பாப்பாங்க."

சிவப்பிரகாசம் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். "உப்பளத்தைப் பிரிச்சிக் குடுன்னு அங்க வந்தும் கேட்டான். ஆத்திரத்துல நெஞ்சுல கைவெச்சித் தள்ளிட்டேன். பாறை ஈரமா இருந்திச்சி."

ஜெயசீலன் போலீசுக்குப் போன் செய்தார். கொளஞ்சியம்மாள் பெரிய மகனைத் தாண்டி வந்தாள். மருமகளின் கையைப் பிடித்தாள். "உள்ள வாம்மா."

ஆண்டாள் கையை விடுவித்துக்கொண்டாள்.

"உள்ள வர்றதுக்காக நான் வரல அத்தை. உங்க புள்ள குதிக்கலன்னு, என்னைத் திட்டின அதே தெருவுல நின்னு சொல்லுங்க."