கடை பூட்டியுள்ளது

அன்று காலை கடையைத் திறந்தபோது, கடை ஃபோனும் என் மகள் தென்றலின் ஃபோனும் ஒன்றுக்கொன்று தாமாகவே பதில் அனுப்பிக்கொண்டிருந்தன. ‘கடை பூட்டியுள்ளது’ என்று இது சொல்ல, ‘வண்டி ஓட்டுகிறேன்’ என்று அது சொல்ல, நிற்கவே இல்லை.

“ரெண்டும் வுட்டுக்குடுக்க மாட்டேங்குதுப்பா!”

“உன் ஃபோனாச்சே.”

“போப்பா.” கல்லாவில் சாய்ந்தபடி சரிசெய்தாள். இரண்டு ஃபோனிலும் தானாகப் போகும் செய்தி ஒவ்வொன்றின் தலையிலும் ‘தானியங்கி’ என்று சேர்த்தாள். அந்தச் சொல்லோடு வருவதற்குக் கடை ஃபோன் பதில் சொல்லாது. “இனிமே மெஷினுக்குப் பதில் கெடையாது. மனுசங்களுக்கு மட்டுந்தான். போயிட்டு வரேன்.”

பீங்கான் விளக்குகளை வண்டியில் கட்டிக்கொண்டு பெண்ணாடம் புறப்பட்டாள்.

கரும்பு டிராக்டர். ஃபோனும் அவளோடு நசுங்கிப்போனது.

கருமாதி முடியும்வரை கடையைத் திறக்கவில்லை. கடை ஃபோன் உள்ளேயே சார்ஜில் கிடந்தது.

திறந்ததும் அடைபட்ட களிமண் வாசனை முகத்தில் அடித்தது. வர்ணம் பூசாத பொம்மைகள் இருட்டில் வெள்ளையாய் நின்றன. கல்லாவில் ஃபோன் மினுங்கியது.

தென்றல்.

‘அப்பா.’

‘தானியங்கி: கடை பூட்டியுள்ளது.’

‘இருட்டா இருக்குப்பா.’

‘தானியங்கி: கடை பூட்டியுள்ளது.’

‘கதவத் தொறப்பா.’

‘தானியங்கி: கடை பூட்டியுள்ளது.’

தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. அவளை எரித்துவிட்டுத் திரும்பிய மாலையில் தொடங்கியிருந்தது.

பக்கத்து ஃபோன் கடை அப்துல் மாலிக்கைக் கூப்பிட்டேன். “யாராச்சும் வெளையாடறாங்களா, பாய்?”

“நம்பரு பாப்பாவோடதுதாண்ணே. அந்த சிம்ம நாந்தானே முடக்கிக் குடுத்தேன்.”

“நசுங்குன ஃபோனு தானா அனுப்புதா?”

ஃபோனை வாங்கி, தென்றல் செய்துவைத்த ‘தானியங்கி’ ஏற்பாட்டைத் திறந்து பார்த்தார். அவர் குரல் இறங்கியது.

“மெஷினு அனுப்பியிருந்தா, இது பதிலே சொல்லியிருக்காதுண்ணே.”

வாசலில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துப் போனது.

“பிளாக் பண்ணிடட்டுமா? இல்லன்னா இது நிக்காது.”

ஃபோனை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். தானாகப் பதில் சொல்வதை நிறுத்தினேன். பாதி தூக்கியிருந்த ஷட்டரை முழுக்கத் தள்ளினேன். பிறகு நானே எழுதினேன்.

‘கடை தொறந்திருக்கு. வாம்மா.’

இரண்டு டிக்குகள் விழுந்தன.

நீலமாயின.

மாலிக் தன் கடைக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவளிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. மழை பெய்து ஓய்ந்தது, பொங்கலும் போய்விட்டது. அவள் பெயருக்குக் கீழே ‘ஆன்லைன்’ என்றே இருக்கிறது.