இருபத்தைந்தாவது முடிச்சு

அடி அண்ணாமலையில் கீர்த்தனா ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கியபோது காலை மணி பத்து. கார்த்திகை மாத மூடாப்பில் மலையின் தலையைக் காணவில்லை. அவள் தோளில் கனமான கயிற்றுச் சுருள் ஒன்று தொங்கியது. அதைப் பார்த்த ஆட்டோக்காரர், "கிணத்துல யாருனா விழுந்துட்டாங்களா மேடம்?" என்று கேட்டார். அவள் சிரித்துக்கொண்டே பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தாள்.

மழை, மண்சரிவு வந்தால் எப்படித் தப்புவது என்று ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளைப் பழக்குவது அவள் வேலை. அதற்குத்தான் அந்தக் கயிறு. மணி அடித்ததும் ஆளுக்கொரு முடிச்சைப் பிடித்துக்கொண்டு வரிசையாக வெளியே வர வேண்டும். என்ன ஆனாலும் கையை விடக் கூடாது. இங்கே இருபத்துமூன்று பிள்ளைகள். யாராவது புதிதாகச் சேர்ந்திருந்தால் ஆகட்டும் என்று இருபத்துநான்கு முடிச்சுப் போட்டு வந்திருந்தாள்.

தலைமையாசிரியர் இராமலிங்கம் டீ வரவழைத்தார். பேச்சு தானாகவே பழைய மழைக்குப் போனது.

"ரெண்டு வருஷம் ஆவுது மேடம், இதே மாசம். மேலருந்து மண்ணு சரிஞ்சிடுச்சி. சத்துணவு ஆயா ஆராயி நாலு பசங்கள இழுத்துக்கினு வெளிய ஓடிச்சி. கேட்டுக்கு இடது பக்கம் போயிருந்தா மேடு, சமுதாயக்கூடம். ஆனா வலது பக்கம் திரும்பிடுச்சி."

"ஏன் சார்?"

"கிரிவலம் போற திசை அதான? மலை சோத்துக்கை பக்கம் இருக்கணும். பொறந்ததுலருந்து அப்படியே நடந்த காலு. பதட்டத்துல வேற எங்க போவும்? அங்க தரைப்பாலத்துல ஓடை ரொம்பி வந்துக்கினு இருந்துச்சி. மூணு பசங்க தப்பிச்சாங்க. ஆயாவும், வளவன்னு ஒரு பையனும்..." அவர் டீயைக் குடிக்காமல் கீழே வைத்தார். "தப்பிச்சதுல ஒண்ணு நம்ம மதிவதனி. அதுலருந்து மழைன்னா வாயே தொறக்காது."

 'என் பிள்ளைகளுக்கு அப்படி ஆகவிட மாட்டேன்' என்று கீர்த்தனா மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அதில் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

பதினொரு மணிக்கு ஒத்திகை. கயிற்றின் முன்முனை இராமலிங்கத்தின் கையில். கடைசிப் பிள்ளையாக மதிவதனி நின்றாள். அவளுக்குப் பின்னால், யாருக்கும் இல்லாத இருபத்துநான்காவது முடிச்சு தரையில் கிடந்தது. மணி அடித்தது. பிள்ளைகள் சிரிப்பும் தள்ளுமுள்ளுமாகக் கிளம்பினார்கள். கேட்டைத் தாண்டியதும் இராமலிங்கம் வலது பக்கம் திரும்பினார். கதையைச் சொன்ன மனுஷரே திரும்பினார்!

கயிறு விறைத்தது.

மொத்த வரிசையும் நின்றுவிட்டது. நடுவில் வந்த கீர்த்தனா, எங்கேயோ மாட்டிக்கொண்டிருக்கும் என்று திரும்பிப் பார்த்தாள். எதிலும் மாட்டவில்லை. மதிவதனியின் கைக்குப் பின்னால் நாலு முழம் கயிறு தரையைத் தொடாமல் நேராக நீண்டிருந்தது. அதன் மறுமுனையில் ஒருவரும் இல்லை.

அடுப்புப் புகை வாசனை வந்தது. விறகும், ஈரமும், கொதிக்கும் பருப்பும் கலந்த வாசனை. அந்தப் பள்ளியில் சமைப்பதை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

"சார், இடது பக்கம்!" என்று கீர்த்தனா கத்தினாள். 

"அடடா, பாத்தீங்களா மேடம், கால் தன்னால போவுது" என்று அசடு வழிந்தபடி அவர் திரும்பினார். கயிறு தொய்ந்து தரையில் விழுந்தது.

கயிற்றை இழுத்தது எதுவோ, அது பிள்ளைகளைப் பின்னாலிருந்து பறிக்கப் பார்க்கிறது என்றே கீர்த்தனா எண்ணினாள். அடுத்த முறை முன்முனையைத் தானே பிடிப்பது என்று முடிவு செய்தாள்.

அந்த அடுத்த முறை ஒத்திகையாக இல்லை.

பகல் ஒரு மணிக்கே வகுப்பு இருட்டிவிட்டது. மழை ஓட்டின்மேல் இடித்தது. எதிரில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லை. அந்த இரைச்சலுக்கும் அடியில் இன்னொரு சத்தம் மலைப்பக்கமிருந்து வந்தது. காலில் தெரிந்தது அது.

"மண்ணு!" என்றார் இராமலிங்கம்.

மணி அடித்தது. கீர்த்தனா முன்முனையைக் கைமணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள். "புடிங்க! விடாதீங்க!" கேட்டைத் தாண்டினார்கள். பத்தடிக்கு அப்பால் வெறும் வெள்ளை மழை. கால்கள் வேகமாகப் போயின. பின்னால் இருபத்துமூன்று ஜோடிக் கால்களும், நடுவில் இராமலிங்கத்தின் கால்களும், ஒரு தடுமாற்றம் இல்லாமல் வந்தன.

கயிறு விறைத்தது.

"விடு!" என்று கத்தினாள். "இதுங்கள விட்டுடு!"

பின்னாலிருந்து இழுப்பு கூடியது. சின்னப் பிள்ளைகள் அழ ஆரம்பித்தார்கள். "இழுங்கடா! எல்லாரும் முன்னாடி இழுங்க!" கயிறு அவள் மணிக்கட்டை அறுத்தது. புகை வாசனை முகத்தருகே வந்துவிட்டது. அவள் ஓரடி எடுத்து வைத்தாள். இன்னொரு அடி.

பாதத்தில் தண்ணீர் ஓடியது.

மலைக்காற்று அவள் கன்னத்தில் அறைந்தது.

வலது கன்னத்தில்.

அவளும் இதே மலையடியில், வேங்கிக்காலில் பிறந்தவள். நடக்கத் தெரிந்த வயதிலிருந்து பௌர்ணமிக்குப் பௌர்ணமி அம்மா கையைப் பிடித்துக்கொண்டு மலையை வலக்கைப் பக்கம் வைத்து நடந்தவள். ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவளின் காலும் அந்தக் காலேதான்.

அவள் இழுப்பதை நிறுத்தினாள். "திரும்புங்க" என்றாள். அது யாருக்கும் கேட்டிருக்காது. கயிறுதான் எல்லோரையும் திருப்பியது. வாலாக இருந்த மதிவதனி முன்னால் போனாள். அவளுக்கும் முன்னால், மழைக்குள், கயிறு நேராக நீண்டிருந்தது. அவர்களுக்குப் பின்னால் தரைப்பாலம் இருந்த இடத்தில் பாறைகள் உருண்டு விழும் சத்தம் கேட்டது.

சமுதாயக்கூடத்தில் தலைகளை எண்ணினாள். இருபத்துமூன்று. மறுபடி எண்ணினாள். அப்புறம் சுவரில் சாய்ந்து வாய்விட்டு அழுதாள். இராமலிங்கம் பிள்ளைகளுக்குத் தன் வேட்டி முனையால் தலை துவட்டிக்கொண்டிருந்தார்.

மதிவதனி மட்டும் வாசலில் நின்றாள். கயிறு இன்னும் அவள் கையில் இருந்தது. மீதிக் கயிறு படியிறங்கி மழைக்குள் போயிருந்தது.

"மதி, இனிமே விட்டுடலாம்டா."

"விடக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

மழை நாளில் அவள் பேசிய முதல் பேச்சு அது. உள்ளே இராமலிங்கத்தின் கை அப்படியே நின்றது.

"ஆயா திரும்பப் போயிருக்காங்க மிஸ்" என்றாள் மெதுவாக. "வளவன கூட்டியாற. அவனுக்குத்தான் முடிச்சு இல்ல. ஒண்ணு போடுங்க."

 கீர்த்தனா படியிறங்கி, இருபத்துநான்காவது முடிச்சுக்கு அப்பால் மீந்திருந்த கயிற்று நுனியை எடுத்தாள். ஈரத்தில் அது இறுக மறுத்தது. இரண்டாம் தடவைதான் முடிச்சு விழுந்தது. அதைப் படிக்குக் கீழே, மழையில், மெல்ல வைத்தாள்.

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு கயிறு விறைத்தது, காலையில் போலவே.

அதைத் தொடர்ந்து, புது முடிச்சில், சின்னதாக இன்னொரு இழுப்பு.

மதிவதனி வாசலில் கொஞ்சம் ஒதுங்கி நின்று வழிவிட்டாள்.