ஒரே முகவரியில் இரண்டு பேர்

மூன்று என்று காட்டியது. காட்டக் கூடாது.

ஊருக்கு இன்டர்நெட் கொடுக்கும் கம்பெனியின் மாடி அறையில், விஜயபாண்டி மடிக்கணினியில் மறுபடி தட்டிப் பார்த்தான். எதிரே இரும்பு அலமாரியில் மினுக்கிக்கொண்டிருந்த புது ரூட்டர் பெட்டியின் முகவரி எங்கே என்று கேட்டால் 'இங்கேயே' என்றல்லவா பதில் வர வேண்டும்? 'மூன்று பெட்டி தள்ளி' என்று வந்தது. வெளியே நாலு மணிக்கே மழை இருட்டியிருந்தது. கீழே பால்கோவா கடையில் பால் சுண்டும் வாசனை மாடிப்படி ஏறி வந்து, பேட்டரிச் சூட்டோடு கலந்து, தொண்டையில் தித்திப்பாகக் குமட்டியது. அதற்கு அடியில், மெல்லிசாக, பாசி பிடித்த கிணற்றுத் தண்ணீரின் வாடை.

அந்த முகவரிக்கு லூப்பேக் என்று பெயர். அது எந்த ஒயரிலும் தொங்குவதில்லை, பெட்டிக்குள்ளேயே குடியிருப்பது. ஒரு ஒயர் அறுந்தால் இன்னொன்றின் வழியாக அதைத் தேடி வந்துவிடலாம். பெட்டியில் உயிர் இருக்கும்வரை அதற்குச் சாவில்லை. மற்ற ரூட்டர்கள் அதை வைத்துத்தான் இவன் இன்னான் என்று அடையாளம் கண்டுகொள்கின்றன. இரண்டு பெட்டிகள் ஒரே முகவரியோடு நின்றால், எவன் எவனென்று தெரியாமல் ஊர் இணைப்பு மொத்தமும் பேய் பிடித்தது போல ஆடும்.

அந்த இரண்டாவது பெட்டி எங்கே கிடக்கிறது என்பது விஜயபாண்டி ஒருத்தனுக்குத்தான் தெரியும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் யாரைக் கேட்டாலும், அவனோடு வேலை பார்த்த சாம்சன் ஒரு நர்ஸோடு கோயம்புத்தூருக்கு ஓடிப்போனான் என்பார்கள். நர்ஸின் நிறத்தைக்கூடச் சொல்வார்கள். அந்தக் கதையைக் கிளப்பிவிட்ட புண்ணியவான் விஜயபாண்டிதான். எந்த வேலை முடிந்தாலும் என்டர் பொத்தானை இரண்டு முறை தட்டிவிட்டே எழுந்திருக்கும் சாம்சன், ஓடிப்போகிற ஆளே இல்லை. முனீஸ்வரி டீச்சர் வீட்டுக் கேமராவுக்குள் விஜயபாண்டி திருட்டுத்தனமாகப் புகுந்து பார்ப்பதைக் கண்டுபிடித்துவிட்டான். அதுதான் அவன் செய்த பாவம்.

"ச்சீ, நீயெல்லாம் மனுசனாலே? காலையில அண்ணாச்சிட்ட சொல்லத்தான் போறேன்."

பதினோரு நாளைக்கு முன்னால், இதே அறை. எர்த் போட வைத்திருந்த இரும்புக் கம்பி. முதல் அடி, தடுக்க வந்த வலது மணிக்கட்டில். இரண்டாவது தாடையில். மூன்றாவது இடது நெற்றிப்பொட்டில். அந்தச் சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. ரத்தம் தெறித்த பழைய ரூட்டரையும் சாம்சனையும் கேபிளால் சேர்த்துக் கட்டி, லோடு ஆட்டோவில் கொண்டுபோய், மம்சாபுரம் போகிற வழியில் ஒரு பாழுங்கிணற்றில் தள்ளினான். புதுப் பெட்டியை மாட்டி, பழையதில் இருந்த செட்டிங்கை லூப்பேக் முகவரியோடு அப்படியே ஏற்றினான். தண்ணீருக்குள் செத்துக் கிடக்கும் பெட்டியா முகவரிக்குச் சண்டைக்கு வரப்போகிறது?

கைபேசி அலறியது. ராஜபாளையம் ஆபீஸிலிருந்து முதலாளி சங்கரலிங்கம்.

"ஏலே விஜயா, ஒரே முகவரி ரெண்டு எடத்துல தெரியுது. ஒண்ணு மம்சாபுரம் பக்கம் காட்டுது. லைன்மேன் கௌதம்ராஜ கேபிளு வழியாவே நடந்து பாக்கச் சொல்லட்டா?"

"வேண்டாம் அண்ணாச்சி! செத்த நேரத்துல நானே சரிபண்ணிருதேன்."

"என்னலே இது? டீச்சர் வீட்டு கம்ப்ளைண்டுக்கு மட்டுந்தான் இப்படிப் பறப்ப. சரி, லைன்லயே இரு."

கௌதம்ராஜ் நடந்தால் கிணற்றில்தான் போய் நிற்பான். விஜயபாண்டி கைபேசியை மேஜையில் வைத்துவிட்டு, மம்சாபுரம் ஒயரைப் பிடுங்கினான்.

'இரண்டு பெட்டி தள்ளி.'

ஒயர்தான் போயிற்று. முகவரி வேறு வழி பிடித்துக் கிட்டே வந்திருந்தது. அதைப் படித்து முடிப்பதற்குள் அவனுடைய வலது மணிக்கட்டு, யாரும் தொடாமலே, பச்சைக் குச்சி மாதிரி ஒடிந்து தொங்கியது. எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெள்ளையாக எட்டிப் பார்த்தது.

கத்தினான். "என்னலே சத்தம்?" என்றது கைபேசி.

இடது கையால் ராஜபாளையம் ஒயரை உருவினான்.

'ஒரு பெட்டி தள்ளி.'

தாடை பெயர்ந்தது. பற்கள் விசைப்பலகையில் கொட்டின. கத்த வாய் இல்லை. மாடிப்படியில் ஈரக் கேபிள் இழுபடும் சத்தம். ஒரு படி. நின்றது. இன்னொரு படி. பால் வாசனை அற்றுப்போய்விட்டது. பாசி. சேறு. அழுகல்.

மிச்சம் ஒன்று. வன்னியம்பட்டி ஒயர். பிடுங்கினான்.

'இங்கேயே.'

சரியான பதில்.

பின்கழுத்தில் தண்ணீர் சொட்டியது. அவன் திரும்பவில்லை. பெட்டியில் உயிர் இருக்கும்வரைதானே? மூலையில் கம்பி. இடது கையில் எடுத்தான். ஓங்கினான். அடித்தான்.

பெட்டி பிளந்தது. அவன் இடது பொட்டும். அதே சத்தம்.

மேஜைமேல் தலை சாய்ந்தது. ரத்தம் விளிம்பில் வழிந்து தரைக்கு இறங்கியது.

"சபாஷ்லே!" என்றார் சங்கரலிங்கம். "இப்ப ஒண்ணுதான் தெரியுது. கேட்ட உடனே பதில் சொல்லுது பாரு."

அலமாரியில் ஒரு ஒயர்கூட இல்லை. பெட்டி இரண்டு துண்டாகக் கிடந்தது.

விஜயபாண்டி அசையவில்லை. ஒடிந்த வலது கை மட்டும் மெல்ல எழுந்தது. சட்டைக் கையிலிருந்து பாசித் தண்ணீர் கொட்டக் கொட்ட, பற்களை ஒதுக்கிவிட்டு, விசைப்பலகையில் நிதானமாக எதையோ அடித்து முடித்தது.

பிறகு என்டர்.

இரண்டு முறை.